அயர்லாந்து மேற்குக் கடலோரம்: டிரைவரோடு வண்டியா, நாமே ஓட்டுவதா?

மதுரைக்காரி | 2 மார்ச் 2025

ஜூன் இரண்டாம் வாரம் ஷானன் விமான நிலையத்தில் இறங்குகிறோம். கையில் ஐந்து நாள். பெரியவர்கள் நான்கு பேர், அதில் இருவருக்கு 65 தாண்டிவிட்டது, அப்பாவுக்கு முழங்கால் வலி. கூடவே ஆறு வயதுப் பையன். மோஹர் பாறைகள், டிங்கிள், ரிங் ஆஃப் கெர்ரி மூன்றும் கட்டாயம். முடிந்தால் ஸ்கெல்லிக் தீவு. அங்கேயும் நம்மூர் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், டிரைவருக்கு எதற்குத் தண்டம் என்கிறார் வீட்டுக்காரர். டிராவல்ஸில் எட்டு சீட் மெர்சிடிஸ் வேன் ஒன்றைச் சொல்கிறார்கள். எது சரி?

மேற்குக்கரை | 2 மார்ச் 2025

இடப்பக்கம் என்பது உண்மை, ஆனால் சிக்கல் அங்கே இல்லை. அகலத்தில் இருக்கிறது. எம், என் என்று எண் தொடங்கும் நெடுஞ்சாலைகள் நன்றாக இருக்கும். ஆர் எழுத்து வட்டாரச் சாலைக்கு இறங்கியதும் நடுக்கோடு அடிக்கடி காணாமல் போகும். எல் எழுத்து உள்ளூர்ச் சாலையில் ஒரு வண்டிக்குத்தான் இடம், எதிரே வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்குமிடம் வரை ரிவர்ஸ் எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் பச்சைப் புதர் வேலி தெரியும். அந்தப் புதருக்குள் கல்சுவர் இருக்கிறது. வாடகைக் கார்களில் முதலில் அடிபடுவது இடப்பக்கச் சைடு கண்ணாடி, அடுத்து இடப்பக்க டயர். வலப்பக்கம் எதிர்வண்டி வரும்போது கை தானாக இடப்பக்கம் ஒடிக்கும், அங்கே கல் காத்திருக்கும்.

கிராமப்புற எல் சாலைகளின் பொது வேக வரம்பு 2025 பிப்ரவரி 7 முதல் 80 கிலோமீட்டரிலிருந்து 60 ஆகிவிட்டது. கடலோரத்தில் அந்த 60-ஐக்கூடத் தொட முடியாது. கணக்குப் போடும்போது மணிக்கு 45 முதல் 50 கிலோமீட்டர் என்று வையுங்கள். கூகுள் காட்டும் நேரத்தோடு நாலில் ஒரு பங்கு சேர்த்தால் சரியாக வரும்.

ஆனாலும் டிரைவருக்குக் கொடுக்கும் பணம் ஓட்டுவதற்கு மட்டும் என்று நினைத்தால் அது வீண்தான். இங்கே இறக்கிவிட்டு அங்கே ஏற்றிக்கொள்ள ஆள் இருப்பதுதான் அதன் முழு மதிப்பு. நாமே ஓட்டினால் எங்கே போனாலும் நிறுத்திய இடத்துக்கே திரும்ப வேண்டும்.

ஒரே உதாரணம், டன்லோ கணவாய். கிலார்னிக்கு மேற்கே கேட் கார்னி விடுதி முன்னால் டிரைவர் இறக்கிவிடுவார். அங்கிருந்து லார்ட் பிராண்டன் குடிசை வரை ஏறக்குறைய 11 கிலோமீட்டர். நடக்கலாம், அப்பாவுக்குக் குதிரை வண்டி. அங்கிருந்து திறந்த படகில் மூன்று ஏரிகளையும் கடந்து ராஸ் கோட்டையில் இறங்கினால் உங்கள் வண்டி நிற்கும். படகை முன்பதிவு செய்ய வேண்டும், சொன்ன நேரத்துக்குள் போய்விட வேண்டும், தவறினால் அடுத்த படகு என்று ஒன்று இருக்காது. சொந்தமாக ஓட்டிப் போனவர் கணவாயைப் பாதி பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புவார்.

மேற்குக்கரை | 3 மார்ச் 2025

வேன் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், நேற்று விட்டுவிட்டேன்.

டிங்கிள் தீபகற்பத்தின் முதுகில் கானர் பாஸ் என்று ஒரு மலைப்பாதை உண்டு. உயரம் 400 மீட்டருக்கு மேல். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் தாழ்வான கல்சுவர், கீழே பனியாறு குடைந்த ஏரிகள். 2024-இல் இந்தக் கணவாயைச் சேர்த்துத்தான் கெர்ரியில் புதிய தேசியப் பூங்காவை அறிவித்தார்கள். இதில் 2 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்குத் தடை. நீங்கள் சொல்லும் எட்டு சீட் வேன் ஆள் ஏறுவதற்கு முன்பே 2 டன்னைத் தொட்டுவிடும். ஆகவே அந்த வேனை எடுத்தால் கானர் பாஸ் கிடையாது. "பார்த்துக்கலாம்" என்று சொல்லும் டிரைவரை நம்ப வேண்டாம். அந்தப் பலகை அலங்காரத்துக்கு வைத்ததல்ல, மேலே சிக்கினால் பின்னால் வரிசை கட்டும் அத்தனை வண்டியும் ரிவர்ஸ் எடுக்க வேண்டும்.

மாற்று வழி என் 86, அன்னஸ்கால் வழியாக. அதிலும் காட்சி உண்டு, இஞ்ச் கடற்கரை அந்தப் பக்கம்தான். ஆனால் இஞ்சில் வண்டியை மணலில் இறக்க வேண்டாம். மற்றவர்கள் இறக்கியிருப்பார்கள், அலை ஏறும்போது டிராக்டர் தேடுவதும் அவர்கள்தான்.

ஐந்து பேருக்கு இரண்டே வழி. ஒன்று வேன், கானர் பாஸை மறந்துவிடலாம். இன்னொன்று ஐந்து பேர் அமரும் ஸ்டேஷன் வேகன் அல்லது எஸ்யூவி. ஆனால் டிரைவரைச் சேர்த்து ஆறு பேர் ஆகிறீர்கள், அதில் இடம் போதாது. வேன்தான் எடுக்க வேண்டியிருக்கும். டிங்கிளில் தங்கும் நாளில் உள்ளூர் டாக்ஸியை ஒரு மணி நேரத்துக்குப் பிடித்துக் கானர் பாஸ் உச்சி வரை போய்த் திரும்பலாம். டிங்கிள் ஊரிலிருந்து உச்சி ஏழெட்டு கிலோமீட்டர்தான். இரண்டு நடை வந்தாலும் நஷ்டமில்லை.

மேற்குக்கரை | 3 மார்ச் 2025, இரவு

ரிங் ஆஃப் கெர்ரி 179 கிலோமீட்டர் வட்டம். டூரிஸ்ட் பஸ்கள் எல்லாம் கிலார்னியிலிருந்து கில்லார்க்ளின் பக்கம், அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். நீங்கள் கடிகாரச் சுற்றில் போங்கள். ஒரு பஸ்ஸின் பின்னாலும் மாட்ட மாட்டீர்கள்.

இன்னொரு லாபமும் உண்டு. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் தீபகற்பத்தைக் கடிகாரச் சுற்றில் சுற்றினால் கடல் உங்கள் பக்கம் இருக்கும். எதிர்ச்சுற்றில் நடுவே ஒரு வழித்தடம் குறுக்கிடும். டிரைவர் வலப்பக்கம் உட்காருவதால் முன் இடப்பக்க சீட்தான் சிறந்த இடம். வாந்தி வரும் ஆளுக்கும் அதுவே நல்லது, பையன் பின்னால்தான் உட்கார வேண்டும் என்பதால் பெரியவர்களுக்குள் முறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஷானன்வாசி | 4 மார்ச் 2025

மேற்குக்கரை சொன்னதில் பாதிதான் சரி. கடிகாரச் சுற்றில் போனால் பஸ்ஸின் பின்னால் மாட்ட மாட்டீர்கள், ஆனால் எல்லா பஸ்ஸும் நேருக்கு நேர் வரும். வாட்டர்வில்லுக்கும் கேஸில்கோவுக்கும் நடுவே வளைவுகளில் வேனும் பஸ்ஸும் சந்தித்தால் இரண்டும் ஊர்ந்துதான் கடக்கும். கிலார்னியிலிருந்து காலை பத்து மணிக்குக் கிளம்பிக் கடிகாரச் சுற்றில் போவது இருப்பதிலேயே மோசமான தேர்வு. நேரம் சொல்லாமல் திசை மட்டும் சொல்லக் கூடாது.

மேற்குக்கரை | 4 மார்ச் 2025

ஒத்துக்கொள்கிறேன். திசையை நேரத்தோடு சேர்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். திருத்தி எழுதுகிறேன்.

முந்தைய இரவு கிலார்னிக்குப் பதில் கென்மேரில் தங்குங்கள். காலை எட்டரைக்குக் கிளம்பிக் கடிகாரச் சுற்றில் ஸ்னீம் வழியாக வாட்டர்வில் போங்கள், ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பஸ்கள் அந்த நேரத்தில் கிலார்னியிலிருந்து கில்லார்க்ளின் பக்கம் நகரத் தொடங்கியிருக்கும், வாட்டர்வில்லுக்கு வர மதியம் ஆகும். நீங்கள் அதற்குள் வாட்டர்வில்லைத் தாண்டி இடப்பக்கம் ஸ்கெல்லிக் ரிங் என்னும் சின்ன வளையத்துக்குள் ஒதுங்கிவிடலாம். பாலின்ஸ்கெல்லிக்ஸ், செயின்ட் ஃபினியன் விரிகுடா, கூமனாஸ்பிக் ஏற்றம், போர்ட்மகீ. சாலை குறுகலும் செங்குத்துமாக இருப்பதால் பெரிய பஸ் அதற்குள் வராது. நீங்கள் உள்ளே இருக்கும்போதே அத்தனை பஸ்ஸும் வெளியே என் 70-இல் கடந்து போய்விடும். வேன் தாராளமாகப் போகும்.

போர்ட்மகீயில் பாலம் ஏறினால் வாலன்ஷியா தீவு. அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பி 1866-இல் நிலையாக இணைந்தது இங்கேதான், அதன் மறுமுனை நியூஃபவுண்ட்லாந்து. நைட்ஸ்டவுன் துறையிலிருந்து ரீனார்ட் முனைக்குக் கார் ஏற்றும் சின்னப் படகு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடும், கடப்பதற்குச் சில நிமிடம்தான். இறங்கினால் காஹர்சிவீன். பிற்பகல் அங்கிருந்து கில்லார்க்ளின் வரை சாலை ஏறக்குறைய காலி.

மால்ஸ் கேப், லேடீஸ் வியூ இரண்டும் கென்மேருக்கும் கிலார்னிக்கும் நடுவில். அதை வட்டத்தோடு சேர்க்காமல் மறுநாள் காலை கிலார்னி போகும்போது பாருங்கள்.

மதுரைக்காரி | 5 மார்ச் 2025

டிரைவர் கட்டணத்தில் "பத்து மணி நேரம்" என்று போட்டிருக்கிறார்கள். ஸ்கெல்லிக் போனால் அந்த நேரம் என்னாகும்? அப்பா ஏற முடியுமா?

மேற்குக்கரை | 5 மார்ச் 2025

அப்பா ஏற வேண்டாம். 618 கல் படிகள், கைப்பிடி கிடையாது, தீவில் கழிப்பறை கிடையாது. பையனையும் கூட்டிப் போக வேண்டாம்.

இறங்க அனுமதி நாளுக்கு 180 பேருக்கு. படகுகள் 12 பேர் ஏறும் சின்னப் படகுகள், மே நடுவிலிருந்து செப்டம்பர் இறுதி வரை. ஜூனுக்கு இப்போதே இடம் போயிருக்கும், ரத்து இடங்களுக்குத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். இடம் கிடைத்தாலும் அன்று காலை கடல் அலையைப் பார்த்துவிட்டுத்தான் படகுக்காரர் போவதா வேண்டாமா என்று சொல்வார். வெயில் அடிக்கும் நாளிலும் ரத்தாகும், காரணம் தீவின் துறையில் ஏறி இறங்கும் நெடிய அலை. இறங்காமல் இரு தீவுகளையும் சுற்றி வரும் படகும் உண்டு. அதில் ஐந்து பேரும் போகலாம், சிறிய ஸ்கெல்லிக்கின் வெள்ளைப் பறவைக் கூட்டத்தையும் கிட்டே பார்க்கலாம். பஃபின் பறவைகள் ஆகஸ்ட் தொடக்கத்தில் கிளம்பிவிடும், ஜூனில் கட்டாயம் இருக்கும்.

நேரக் கேள்விக்கு வருகிறேன். தீவில் இறங்கும் பயணம் என்றால் போக வர, மேலே ஏற என்று அரை நாளுக்கு மேல். அந்த நேரம் முழுக்க வண்டி போர்ட்மகீயில் சும்மா நிற்கும், கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். முந்தைய இரவு போர்ட்மகீயிலேயே தங்கி, ஸ்கெல்லிக் நாளுக்கு மட்டும் வண்டி வேண்டாம் என்று முதலிலேயே பேசுங்கள். சிலர் பாதிக் கட்டணத்துக்கு ஒத்துக்கொள்வார்கள். டிரைவரின் தங்கும் செலவு எப்படியும் உங்கள் தலையில்தான்.

மேற்குக்கரை | 6 மார்ச் 2025

கட்டணம் பேசும்போது நம்மூர் அவுட்ஸ்டேஷன் கணக்கை நினைவில் வைத்தால் பாதி புரிந்துவிடும். பேட்டாவுக்கு இணை டிரைவரின் அறை வாடகை, சாப்பாடு. காலி வண்டி ரிட்டர்னுக்கு இணை, வண்டி எந்த ஊரிலிருந்து வருகிறதோ அங்கிருந்து முதல் நாள் வரும் தூரமும் கடைசி நாள் திரும்பும் தூரமும். டப்ளின் வண்டியை ஷானனுக்கு வரவழைத்தால் இரண்டு பக்கமும் 200 கிலோமீட்டருக்கு மேல் காலியாக ஓடும். லிமெரிக், என்னிஸ், கிலார்னி பக்கத்து வண்டியைக் கேளுங்கள்.

எழுத்தில் வாங்க வேண்டியவை: பத்து மணி நேரம் என்பது உங்களை ஏற்றியதிலிருந்தா, அவர் வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்தா. கூடுதல் மணிக்கு எவ்வளவு. நாளுக்குக் கிலோமீட்டர் வரம்பு உண்டா. கார் ஏறும் படகுக் கட்டணமும் டோலும் உள்ளே அடங்கியதா. அறையை அவர் பிடிப்பாரா, நீங்களா. ஜூனில் டிங்கிளில் அறை கிடைப்பது கடினம். அவர் பிடித்தால் சில சமயம் 40 கிலோமீட்டர் தள்ளிக் கிடைக்கும், மறுநாள் காலை தாமதம் அங்கிருந்துதான் தொடங்கும்.

இன்னொன்று, ஓட்டுபவர் வேறு, ஓட்டிக்கொண்டே வழிகாட்டுபவர் வேறு. முன்னவர் கதவைத் திறப்பார், நேரத்துக்கு நிற்பார். பின்னவருக்கு எந்த வளைவில் நிறுத்தினால் பிளாஸ்கெட் தீவுகள் தெரியும், அங்கே கடைசியாக இருந்த மக்கள் 1953-இல் ஏன் வெளியேறினார்கள் என்பதெல்லாம் தெரியும். விலை வித்தியாசம் அதற்குத்தான். நான் பின்னவரைத்தான் சொல்வேன், குறிப்பாக டிங்கிள் நாளுக்கு.

கோவைக்குடும்பம் | 8 மார்ச் 2025

குறுக்கே வருகிறேன். நாங்கள் இரண்டு குடும்பம், பதினொரு பேர். பதினாறு சீட் வண்டி எடுத்தால் மலிவா?

ஷானன்வாசி | 8 மார்ச் 2025

தலைக்கு மலிவு. ஆனால் சட்டம் மாறிவிடும். டிரைவரைச் சேர்த்து ஒன்பது பேருக்கு மேல் அமரும் வண்டி என்றால் ஐரோப்பிய ஓட்டுநர் நேர விதி பொருந்தும். நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு, பொதுவாக நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, இரவில் வழக்கமாக 11 மணி நேர ஓய்வு. வண்டியில் உள்ள கருவி எல்லாவற்றையும் பதிவு செய்யும். "இன்னும் அரை மணி நேரம்தானே" என்று கெஞ்சினாலும் அவரால் முடியாது. இரவு பத்து வரை வைத்திருந்தால் மறுநாள் காலை ஒன்பதுக்கு முன் தொட முடியாது. ஜூனில் சூரியன் மறைவதே இரவு பத்து தாண்டித்தான் என்பதால் இதில் எல்லோரும் மாட்டுகிறார்கள்.

ஒன்பதுக்கு உட்பட்ட வண்டி தேசியப் போக்குவரத்து ஆணையத்தின் உரிமத்தில் வரும். கண்ணாடியில் உரிம வில்லை ஒட்டியிருக்கும். லிமோசின் வகை உரிமம் என்றால் மேலே டாக்ஸி விளக்கு இருக்காது, மீட்டர் இருக்காது, கட்டணத்தை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ஆணையத்தின் 'டிரைவர் செக்' செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் உரிமம் உண்டா என்று தெரிந்துவிடும். உரிமமில்லாத வண்டியில் விபத்து நடந்தால் காப்பீடு கைகொடுக்காது. இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

மேற்குக்கரை | 9 மார்ச் 2025

மோஹருக்கு வருவோம். உச்ச உயரம் 214 மீட்டர், மேற்கு பார்த்த பாறைமுகம். அதனால் காலையில் வெயில் பின்னால் இருந்து வரும், பாறை கறுத்துத் தெரியும். மாலை நாலு மணிக்கு மேல் போனால் அடுக்கடுக்காக நிறம் பிரியும், டப்ளினிலிருந்து வந்த ஒருநாள் பஸ்களும் கிளம்பியிருக்கும். கோடையில் இரவு 9 வரை திறந்திருக்கும். நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்திலேயே வாங்குங்கள்.

பத்து மணி நேரக் கணக்கு இங்கே இடிக்கும் என்பதால், இறங்கும் நாளையே மோஹருக்கு வையுங்கள். ஷானனிலிருந்து டூலின் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். டூலினில் அறைக்குப் போய்த் தூங்கி எழுந்து, வண்டியை மதியம் இரண்டுக்கு மேல் எடுங்கள். மேகம் இறங்கிப் பாறை தெரியாவிட்டால் டிக்கெட் நேரம் வரும் வரை பர்ரன் என்னும் சுண்ணாம்புக்கல் வெளிப் பக்கம் போகலாம். பூல்நப்ரோன் கல்திட்டை 5,000 ஆண்டுக்கும் பழையது, சாலையிலிருந்து சமதள நடைதான். டூலினுக்கும் மோஹருக்கும் நடுவே பாறை விளிம்போரம் போகும் நடைபாதையில் சரிவு காரணமாகச் சில பகுதிகளை மூடியிருக்கிறார்கள். வேலி போட்டிருந்தால் தாண்டாதீர்கள், அங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. நிறுத்தும்போது வண்டியின் மூக்கு காற்றைப் பார்த்து இருக்க வேண்டும். காற்று பின்னாலிருந்து வந்தால் கதவைத் திறந்த மறுகணம் கையிலிருந்து பிடுங்கி முன்பக்கம் மடக்கிவிடும், கீல் வளையும். பையன் கதவை அவனே திறக்கக் கூடாது. வேனின் சறுக்குக் கதவு இந்த இடத்தில் உதவும். குடை பயன்படாது, தலை மூடும் மழைக்கோட்டு வேண்டும்.

மேற்குக்கரை | 9 மார்ச் 2025, இரவு

டூலினிலிருந்து டிங்கிள் போக லிமெரிக் சுற்ற வேண்டாம். கில்லிமரிலிருந்து டார்பர்ட்டுக்குக் கார் படகு, 20 நிமிடம். கணிசமான தூரம் மிச்சம். மணிக்கு ஒரு படகு, அரை மணியில் கிளம்பும்.

மதுரைக்காரி | 11 மார்ச் 2025

வீட்டுக்காரர் வேனுக்குச் சம்மதம். இரண்டு சந்தேகம். நாங்கள் மூன்று பேர் சைவம், வழியில் என்ன கிடைக்கும்? கடைசி நாள் வடக்கே ஜயன்ட்ஸ் காஸ்வே போகலாம் என்று தம்பி சொல்கிறான், முடியுமா?

மேற்குக்கரை | 11 மார்ச் 2025

காஸ்வே வேண்டாம். தூரம் ஒரு காரணம், கெர்ரியிலிருந்து நாட்டின் எதிர்முனை. விசா இன்னொரு காரணம். அந்த ஏறக்குறைய 40,000 எரிமலைப் பாறைத் தூண்களும் இருப்பது வடக்கு அயர்லாந்தில், அது பிரிட்டன். சாலையில் எல்லைச் சாவடி எதுவும் இருக்காது, வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுவதுதான் அடையாளம். யாரும் நிறுத்தவில்லை என்பதால் அனுமதி உண்டு என்று ஆகாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம் உண்டு, விசாவில் அதற்கான குறிப்பு அச்சாகியிருந்தால் மட்டும் இரண்டு பக்கமும் செல்லும். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு அந்தத் திட்டம் இல்லை, இரண்டு விசா வேண்டும். அயர்லாந்து ஐரோப்பாவின் பொது விசாப் பகுதியான ஷெங்கனிலும் இல்லை, அந்த விசாவை நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது இரண்டு. சிற்றூர்களில் சமையலறை இரவு எட்டரை ஒன்பதுக்கு மூடிவிடும். வெளிச்சம் பத்து வரை இருப்பதால் நேரம் தெரியாது. அடுத்தது சூப். எல்லா இடத்திலும் காய்கறி சூப்பும் பழுப்பு ரொட்டியும் கிடைக்கும், ஆனால் கோழி வேகவைத்த நீரில் செய்திருக்கலாம், கேட்டுத்தான் வாங்க வேண்டும். சௌடர் என்றால் மீன், பல இடத்தில் பன்றி இறைச்சியும் உண்டு. மதியத்துக்குப் பெட்ரோல் பங்குக் கடையில் சாண்ட்விச் போட்டு வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். டிங்கிளுக்கு மேற்கே உள்ள ஸ்லே ஹெட் வளையத்தில் பசித்த நேரத்துக்குக் கடை கிடைக்காது.

மேற்குக்கரை | 12 மார்ச் 2025

ஸ்லே ஹெட் பற்றி எழுதாமலே விட்டேன். டிங்கிளிலிருந்து மேற்கே ஏறக்குறைய 47 கிலோமீட்டர் வளையம். இங்கே பஸ்ஸும் கடிகாரச் சுற்றில்தான், நீங்களும் அப்படியே போங்கள். கெர்ரி வட்டத்துக்குச் சொன்ன தந்திரம் இங்கே செல்லாது. எதிர்ச்சுற்றில் போனால் கூமினூல் பக்கம் பாறைக்கும் கடலுக்கும் நடுவே பஸ்ஸோடு மாட்டுவீர்கள். காலை ஒன்பதுக்குள் கிளம்பினால் போதும். ஒரு இடத்தில் ஓடை சாலையின் மேலேயே குறுக்கே பாயும், பயப்பட ஒன்றுமில்லை. இது ஐரிஷ் மொழிப் பகுதி, பலகைகள் ஐரிஷில் மட்டும் இருக்கும். டன்குவின் என்று தேடினால் கிடைக்காது, டூன் க்வீன் என்பது போன்ற ஒலியில் எழுதியிருப்பார்கள். டன்குவின் துறையின் வளைந்து இறங்கும் பாதையில் வண்டி இறங்கவே கூடாது, மேலே நின்று பாருங்கள். அப்பாவுக்கும் அதுவே போதும்.

ஷானன்வாசி | 12 மார்ச் 2025

கார் படகு நேரத்தைத் திருத்துகிறேன். அரை மணியில் கிளம்புவது கெர்ரி பக்கம், டார்பர்ட்டிலிருந்து. மதுரைக்காரி வருவது கிளேர் பக்கத்திலிருந்து, கில்லிமரில் மணி அடிக்கும்போது கிளம்பும். கோடையில் இரண்டு படகு ஓடும், தவறினாலும் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை.

மேற்குக்கரை | 12 மார்ச் 2025

சரி, அதுதான் சரியான நேரம்.

மதுரைக்காரி, டிரைவருக்கு எழுதும்போது பையனின் உயரத்தையும் எடையையும் குறிப்பிடுங்கள். 150 சென்டிமீட்டருக்கும் 36 கிலோவுக்கும் கீழே இருக்கும் குழந்தைக்கு உரிய இருக்கை வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். டாக்ஸிகளுக்கு இதில் விலக்கு இருப்பதால் கேட்காவிட்டால் கொண்டுவர மாட்டார்கள். பெட்டிகளின் எண்ணிக்கையையும் அளவையும் எழுதுங்கள். எட்டு சீட்டையும் நிமிர்த்தி வைத்தால் டிக்கியில் மூன்று பெரிய பெட்டிதான் நிற்கும். கடைசி வரிசையைக் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள்.